சங்கம் என்றால் நமக்கு ஏன் கசக்கிறது?

தொழிற்சங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது வர்த்தகர்களின் மனக்கண் முன் வந்து நிற்பது கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்படாமல் கிடக்கும் கொள்கலன்தான். சாமான் நம்முடையது, பணம் நம்முடையது, வங்கிக்குக் கட்டும் வட்டியும் நம்முடையது. எவரோ எதற்காகவோ 'சட்டப்படி வேலை' என்று அறிவிக்கிறார்கள். கொள்கலன் அசைய மறுக்கிறது. டெமரேஜ் மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது. பெருநாளைக்கு விற்க வேண்டிய துணி, பெருநாள் முடிந்து பத்தாம் நாள் கடைக்கு வந்து சேர்ந்தால் அதை யார் தலையில் கட்டுவது? 2006 ஜூலையில் துறைமுகத் தொழிற்சங்கங்கள் வேலையை மெதுவாக்கியபோது ஆடை ஏற்றுமதியாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2021இல் ஆசிரியர்கள் ஜூலை முதல் ஒக்டோபர் வரை போராடினார்கள். வைத்தியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு பற்றிச் சொல்லவே தேவையில்லை. படுவான்கரையிலிருந்து விடியப் புறப்பட்டு, வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்தில்லாமல் திரும்பிய ஏழைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆகவே வர்த்தகர்களின் கசப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேரளாவில் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. அங்கே ஒருவர் தன் வீட்டுக்குத் தளபாடம் வாங்கித் தானே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்த சுமை தூக்கும் சங்கத்தினருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதற்குப் பெயரே 'நோக்குக்கூலி'. பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி! தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசாங்கமே 2018 மே தினத்தன்று அதை ஒழிப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. நமது நாட்டிலும் ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு தொழிற்சங்கம். தன் கட்சி ஆட்சியில் இருந்தால் மௌனம், எதிர்க்கட்சியானால் முழக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் கோபித்துக்கொள்ளும் இந்தச் சங்கங்களில் ஒன்றாவது நமது கடையில், நமது ஆலையில், நமது வயலில் வேலை செய்கிறவனுடைய சங்கமா? துறைமுகம், சுங்கம், மின்சார சபை, பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் மாதச் சம்பளமும் ஓய்வூதியமோ சேமலாப நிதியோ உறுதியாக உள்ள இடங்கள். இருப்பவனுக்குச் சங்கம் இருக்கிறது. இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. தொழிலாளிக்கு இன்றைக்கும் சங்கம் தேவையா என்று கேட்கும்போது நாம் துறைமுகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறோம். நான் மண்டூரைப் பார்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

மண்டூர் நம்மில் பலருக்கும் பழக்கமான ஊர். குருமண்வெளியில் பாதையேறி அக்கரையில் இறங்கினால் முருகன் கோயில், அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வேளாண்மை. அந்தப் பக்கத்து நெல்லை வாங்கிக் குற்றி விற்றுத்தான் நமது ஆலைக்காரர்கள் பலர் வளர்ந்தார்கள். யுத்த காலத்தில், 2007இல் அப்பகுதி அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வரும் வரை, நம்மவர்களில் பலர் அங்குள்ள காணிகளை எட்டியும் பார்க்க முடியாமல் இருந்தார்கள். பின்னர் பாதைகள் திறந்தன, நெல் வந்தது, நெல்லோடு ஆட்களும் வந்தார்கள்.

முந்திய காலத்தில் அந்த வயல்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. போடியார் இருப்பார், அவருக்குக் கீழே முல்லைக்காரன், அவனுக்குக் கீழே வயற்காரர். அது நியாயமான ஒழுங்கு என்று நான் சொல்லமாட்டேன். அதில் இருந்த அநியாயம் காரணமாகத்தான் பிலிப் குணவர்தன 1958இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இருந்தாலும் வயற்காரன் வீட்டில் ஒரு சாவு, ஒரு கலியாணம் என்றால் போடியார் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற ஒரு கட்டுப்பாடு இருந்தது. அறுவடை இயந்திரம் வந்தது. ஒரு கிழமை இருபது பேர் வெட்டிய வயலை ஒரு பொழுதில் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த இருபது பேரும் எங்கே போனார்கள்? சிலர் மேசனுக்குக் கையாளாக, சிலர் அரிசி ஆலைக்கு, சிலர் கல்முனைப் பக்கத்து ஹார்ட்வெயார்களுக்கு மூட்டை தூக்க. பெண் பிள்ளைகள் புடவைக் கடைகளுக்கும் கார்மென்ட்ஸுக்கும். பழைய கட்டுப்பாடு போய்விட்டது. புதிய கட்டுப்பாடு எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், இலங்கையில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது; ஒன்றரை நாள் விடுமுறை என்கிறது. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் வந்த நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம். இவையெல்லாம் யாரோ ஒரு மந்திரிக்கு இரவில் கனவில் வந்த யோசனைகள் அல்ல. 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் அமைத்தார்கள். ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கம் 1923இல் கொழும்பையே ஸ்தம்பிக்க வைத்தது. கடை கந்தோர் ஊழியர்களுக்கென்று 1928இல் தொடங்கிய வர்த்தக ஊழியர் சங்கத்தைப் பாலா தம்பு 1948 முதல் 2014இல் காலமாகும் வரை, அறுபத்தாறு வருடம், பொதுச் செயலாளராக நின்று நடத்தினார். தோட்டத் தொழிலாளரை எடுத்துக்கொண்டால் தொண்டமானோடு சேர்த்துப் பேச வேண்டிய பெயர் ஏ. அஸீஸ். போர்பந்தரில் பிறந்த முஸ்லிம். மலையகத் தமிழ்த் தொழிலாளிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். நம்மவர்கள் அவரை ஏனோ அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

சம்பள நிர்ணய சபைகளும் அப்படித்தான். 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பேக்கரி, அச்சகம், நெல் குற்றும் ஆலை என்று தொழில்வாரியாகச் சபை அமைத்து, முதலாளிமார் பிரதிநிதியும் தொழிலாளர் பிரதிநிதியும் எதிரெதிரே அமர்ந்து குறைந்தபட்சச் சம்பளத்தைப் பேசுகிறார்கள். அந்தத் தொழிலாளர் பிரதிநிதி யார்? சங்கத்துக்காரர்தான். மண்டூரிலிருந்து வந்து நெல் அவிக்கிறவர் வாழ்நாளில் ஒரு சதம் சந்தா கட்டியிருக்க மாட்டார். ஆனாலும் அவருடைய சம்பளத்தின் அடித்தட்டை எங்கோ ஒரு சங்கம்தான் பேசி வைத்திருக்கிறது.

அப்படியானால் சட்டம் போதுமே, இனிச் சங்கம் எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நமது பகுதியில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். மண்டூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே பல வருடம் வேலை செய்தவர். ஒருநாள் பெல்ட்டில் கை அகப்பட்டு இரண்டு விரல்கள் போயின. முதலாளி கல் நெஞ்சக்காரர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு அவரே காரில் கொண்டுபோனார், வீட்டுக்கு அரிசி அனுப்பினார், கையில் ஒரு தொகையும் கொடுத்தார். தன்னளவில் கடமை முடிந்தது என்று நம்பினார். ஆனால் சேமலாப நிதி ஒரு மாதமும் கட்டப்பட்டிருக்கவில்லை. விபத்து நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். இது முதலாளிக்கும் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதரின் மச்சான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்தார். முதலாளியின் மருமகன் ஐந்து பேரைக் கூப்பிட்டார். அன்று பின்னேரமே அந்தப் பக்கத்தில், "சோனி முதலாளி தமிழ்ப் பொடியனின்ற கையை முடமாக்கிப்போட்டுக் காசும் குடுக்கல்லையாம்" என்று கதை. இந்தப் பக்கத்தில், "தமிழ் ஆக்கள் கூட்டமா வந்து ஆலைய அடிக்கப் போறாங்களாம்" என்று கதை. சமரசம் பேச அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். காயப்பட்டவர் ஒரு மூலையில் துவாயால் கையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். "காக்கா, எனக்குச் சண்டை வேணாம். எனக்கு என்ன கிடைக்கோணும் எண்டு சட்டத்தில எழுதியிருக்கோ அதைச் சொல்லுங்க, போதும்" என்றார். அந்த அறையில் இருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் அதற்கு விடை தெரியவில்லை. கடைசியில் விடயம் தொழில் திணைக்களத்துக்குத்தான் போனது. நிலுவைச் சேமலாப நிதிக்குத் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு என்பதை முதலாளி அங்கே போய்த்தான் அறிந்துகொண்டார்.

அந்த வாசலில் நாலு பேருக்குப் பதிலாகச் சந்தா வாங்கும், பற்றுச்சீட்டு எழுதும், சட்டப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு சங்கச் செயலாளர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் கறாராகப் பேசியிருப்பார். முதலாளிக்கு எரிச்சல் வந்திருக்கும். ஆனால் அது சம்பளப் பிரச்சினையாகவே தொடங்கி, சம்பளப் பிரச்சினையாகவே முடிந்திருக்கும். நமது ஊருக்குள் முதலாளிக்கும் வேலையாளுக்கும் மனக்கசப்பு என்றால் பள்ளி நிர்வாகத்தில் வைத்துப் பேசித் தீர்க்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் மண்டூர்க்காரர் நமது பள்ளிவாசல் மண்டபத்தில் வந்து நீதி கேட்பாரா? நாம்தான் கோயில் மண்டபத்துக்குப் போவோமா? இரு பக்கத்தாரும் உட்காரக்கூடிய ஒரு மேசை நமக்கிடையே இல்லை. அது இல்லாதபோது முதலாளி - தொழிலாளி வழக்கு ஒரே இரவில் முஸ்லிம் - தமிழ் வழக்காக மாறிவிடுகிறது. இந்த மாவட்டத்தில் அதன் விலை என்னவென்று 1990ஐக் கண்ட எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பு வர்த்தகருக்குத் தொழிற்சங்கம் செலவுக் கணக்கு. நமக்கு அது பாதுகாப்புக் கணக்கும்கூட.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இப்பக்கத்தை வாசிப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் சட்டமானபோது மாதம் 10,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு சேமலாப நிதிக்கு 3,600, நம்பிக்கை நிதியத்துக்கு 900, ஆக 4,500 ரூபா. ஆறு பேர் வேலை செய்யும் கடையில் மாதம் 27,000. இது சிறிய தொகை அல்ல. ஒரு மூடை சீமெந்தில் நிற்கும் இலாபம் எவ்வளவு என்பது விற்கிறவனுக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன். ஒழுங்காகக் கட்டுகிறவர் இந்த 27,000ஐயும் விலையில் ஏற்றித்தான் விற்க வேண்டும். எதிர்க் கடைக்காரர் ஒன்றும் கட்டுவதில்லை. அவர் மூடைக்கு இருபது ரூபா குறைத்து விற்கலாம். நாளடைவில் நேர்மையானவரின் வாடிக்கையாளர் எதிர்க் கடையில் நிற்பார். தொழில் திணைக்களத்து உத்தியோகத்தர் எல்லாக் கடைக்கும் ஏறி இறங்கப் போவதில்லை. எல்லாக் கடையையும் உள்ளிருந்து பார்க்கிற ஒரே ஆள் அங்கே வேலை செய்கிறவன்தான். நகரத்துக் கடை ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே சங்கம், ஒரே கூலிப் பட்டியல் என்று வந்தால் முதலில் தப்பிப் பிழைப்பவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் முதலாளியே. மருதமுனைக் கைத்தறிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் நெசவுக் கூலியைக் குறைத்தால் அடுத்தவரும் குறைத்தே ஆகவேண்டும் என்ற வில்லங்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாம் மட்டும் சங்கம் இல்லாமலா இருக்கிறோம்? வர்த்தக சங்கம், அரிசி ஆலை உரிமையாளர் சங்கம், பஸ் உரிமையாளர் சங்கம், முச்சக்கர வண்டிச் சங்கம். நெல்லின் விலையை நாம் கூடிப் பேசினால் அது வியாபாரம். மூட்டை தூக்குகிறவன் கூடிப் பேசினால் அது கலகமா?

அஹமதாபாத் துணிச் சந்தையில் நடந்த ஒரு கதை நம்மவர்களுக்கு நல்ல பாடம். 1971இல் அங்கே தலைச்சுமை தூக்கும் பெண்கள், தங்களுக்குச் சரியான கூலி கிடைப்பதில்லை என்று இலா பட் என்ற தொழிற்சங்கத்துப் பெண்மணியிடம் முறையிட்டார்கள். அவர் பத்திரிகையில் எழுதினார். துணி வர்த்தகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் நியாயமாகத்தான் கொடுக்கிறோம் என்று அவர்களும் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வர்த்தகர்கள் தாமே சொன்னதைச் சின்ன அட்டைகளில் அச்சடித்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். முதலாளி குறைத்துக் கொடுத்தால் அட்டையை நீட்டுவது. வேலைநிறுத்தமும் இல்லை, கல்லெறியும் இல்லை. அடுத்த வருடம் 'சேவா' என்ற சங்கத்தைப் பதியப் போனபோது, உங்களுக்கு நிரந்தர முதலாளியே இல்லையே, எவருக்கு எதிராகச் சங்கம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். எவருக்கும் எதிராக அல்ல, எங்களுக்காக என்று வாதாடித்தான் பதிந்தார்கள். நமது பகுதி நாட்டாமிமாருக்கும் மேசன் கையாட்களுக்கும் பொருந்தக்கூடியது துறைமுகச் சங்கத்தின் பாணி அல்ல, இதுதான்.

பெரிய கம்பனிகளால்கூடச் சங்கத்தைத் தவிர்த்துக்கொண்டே போக முடியவில்லை. சாம்சங் பல்லாண்டு காலம் சங்கமே ஆகாது என்று இருந்த கம்பனி. 2024 செப்டெம்பரில் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வெளியே இருந்தார்கள். சம்பளமும் ஒரு கோரிக்கைதான். ஆனால் இழுபறி முழுவதும் சங்கத்தைப் பதிவதா இல்லையா என்பதில்தான். நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அந்த 37 நாளில் இரு தரப்பும் இழந்ததை நினைத்தால், முதல் நாளே பேசியிருக்கலாம்.

சங்கம் சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமது மாவட்டத்து வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் சங்கங்கள் இருந்தன. யுத்தமும் பழைய இயந்திரங்களும் நிர்வாகச் சீர்கேடும் சேர்ந்து ஆலையைப் படுக்க வைத்தபோது எந்தச் சங்கத்தாலும் அதை எழுப்ப முடியவில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். தலைவர்களின் கணக்குத் தப்பாகிப்போனதை அவர்களின் பிள்ளைகள் அனுபவித்தார்கள். 2023இல் அரசாங்கம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டுச் சேமலாப நிதியின் மேல் கை வைத்தது. குறைந்த வட்டிக்குப் பத்திரங்களை மாற்று, இல்லையேல் 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம் கட்டு என்றது. சங்கங்கள் கத்தின, நீதிமன்றம் போயின, தடுக்க முடியவில்லை. அந்த நிதியில் நமது 12 வீதமும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு நாமும் வேடிக்கை பார்த்தோம். அன்றைக்கு வர்த்தக சங்கங்களும் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து வாய் திறந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ.

வேலையாள் கிடைக்கவில்லை என்பது இப்போது எல்லாக் கூட்டத்திலும் கேட்கும் முறைப்பாடு. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். படுவான்கரைப் பொடியன்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். சவூதியில் தொழிற்சங்கம் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். இங்கேயும் ஒன்றுமில்லை, அங்கேயும் ஒன்றுமில்லை, அங்கே சம்பளமாவது கூட என்று கணக்குப் பார்க்கிறார்கள். இங்கே நிற்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும்.

வியர்வை உலர்வதற்கு முன் கூலி கொடுக்க வேண்டும் என்பது நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதல்ல. நம்மில் அநேகர் அன்றன்றைக்கே கொடுத்தும் விடுகிறோம். கூலி எவ்வளவு, விடுமுறை எத்தனை, தீபாவளிக்கு லீவு உண்டா, கை போனால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு பக்கம் மாத்திரம் தீர்மானிப்பதில்தான் சிக்கல். சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். 1935ஆம் ஆண்டிலிருந்து அப்படித்தான். ஏழு பேரும் ஒரே கடையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் பதியும்போது நாம் ஆத்திரப்பட்டு ஆளை நிறுத்தாமல் இருந்தால் போதும். முதலாவது கூட்டத்துக்கு வர்த்தக சங்கத்திலிருந்து இருவர் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் குறைந்துபோக மாட்டோம்.

சங்கம் வந்தால் என்னென்ன கேட்டுக் கழுத்தை நெரிப்பார்களோ என்று ஒரு ஹாஜியார் என்னிடம் பயந்தார். மண்டூரிலிருந்து வந்து அவருடைய கடையிலேயே மூட்டை ஏற்றும் தம்பி பக்கத்தில் நின்றார். "தம்பி, சங்கம் ஒன்று வந்தால் முதல்ல முதலாளியிட்ட என்ன கேட்பீங்க?" என்றேன். அவர் முதலாளியை ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சம்பளச் சிட்டை ஒண்டு வேணும் காக்கா. மோட்டார் சைக்கிள் லீசிங் எடுக்கப் போனனான், அவங்க அதைத்தான் கேட்டவங்க."